குறிப்புச் செயலி: வீட்டில் வேறு யாரால் திறக்க முடியும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அன்றாட வேலைகளை ஒழுங்குபடுத்திக்கொள்ளக் கைப்பேசியில் குறிப்புச் செயலிகளைப் பயன்படுத்தச் சொல்லும் கட்டுரைகள் நாளிதழ்களின் தொழில்நுட்பப் பகுதிகளில் இப்போது அடிக்கடி வருகின்றன. எதில் குரலால் எழுதலாம், எது நேரத்துக்கு நினைவூட்டும், எதில் வண்ணம் மாற்றலாம் என்றெல்லாம் அவை விரிவாகச் சொல்கின்றன. எழுதியவரைத் தவிர வீட்டில் வேறு யாரால் அக்குறிப்புகளைத் திறக்க முடியும், நாளைக்குச் செயலியை மாற்ற நேர்ந்தால் அவற்றை எப்படி வெளியே எடுப்பது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. குடும்பக் காரியங்களுக்காகச் செயலியைத் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியவை இவைதாம் என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

செயலிகளின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம், அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரி, வண்டிக் காப்பீடு முடியும் தேதி, எரிவாயு உருளைக்குப் பதிவு செய்த நாள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத் தவணை ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் எழுதிவைத்து, வேண்டும்போது ஒரே தேடலில் எடுக்க முடிவது சிறிய வசதியன்று. மருத்துவர் "இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும்போது, "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை" என்று திணறும் முதியவர்களை எந்த மருத்துவமனையிலும் காணலாம். மாத்திரையின் பெயர், மில்லிகிராம் அளவு, எப்போது தொடங்கியது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரங்கள் அடங்கிய ஒரே ஒரு குறிப்பு, உடன் வந்த மகளின் கைப்பேசியிலும் இருந்தால் போதும். கூகுள் கீப் செயலியில் ஒரு குறிப்பை மற்றொருவரின் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்துப் பகிர்ந்துவிட்டால் இருவருமே அதைத் திருத்தலாம். மளிகைக் கடையில் இருப்பவர் வாங்கியதை அடித்துவிட்டால் வீட்டில் இருப்பவருக்கும் அது தெரிந்துவிடும். (பெருங்காயத்தை மறந்துவிட்டு வருகிறவர்களுக்கு இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை.)

ஆயினும் பகிர்தல் என்னும் இந்த வசதியைப் பலர் மளிகைப் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முன்பு புத்தாண்டுக்கு நகைக்கடையிலோ துணிக்கடையிலோ இலவசமாகக் கிடைத்த நாட்குறிப்பில்தான் குடும்பக் கணக்கு எழுதப்பட்டது. அது பீரோவில் இருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எடுத்துப் படிப்பதற்கு யாருடைய விரல்ரேகையும் தேவைப்படவில்லை. இன்று அதே விவரங்கள் ஒருவரின் கைப்பேசிக்குள், அவர் மட்டுமே அறிந்த கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கின்றன. அவர் திடீரெனத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டாலோ இறந்துவிட்டாலோ, ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் எண் என்ன, எந்தக் கிளையில் வைப்புத்தொகை இருக்கிறது, யாருக்குக் கைமாற்றுக் கொடுத்திருக்கிறார் என்பது மனைவிக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. ஒழுங்காக எழுதிவைத்தவரின் வீடுதான் இதில் அதிகமாகத் தவிக்கிறது என்பது விந்தை. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர்கள் எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இதற்கென்று நிறுவனங்கள் சில ஏற்பாடுகளைச் செய்திருக்கின்றன. ஒருவர் தம் கூகுள் கணக்கைக் குறிப்பிட்ட காலம் பயன்படுத்தாமல் போனால் அதிலுள்ள தரவுகளை யாருக்குக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவைக்கும் வசதி 2013 முதல் இருக்கிறது. பத்துப் பேர் வரை நியமிக்கலாம். ஆப்பிள் நிறுவனமும் 2021 டிசம்பரில் இத்தகைய வாரிசு நியமனத்தைக் கொண்டுவந்தது. வங்கிக் கணக்குக்கு வாரிசுதாரர் பெயரைக் கொடுக்கத் தவறாத நாம் இதைச் செய்வதில்லை. எனினும், கூகுளின் ஏற்பாட்டில் காத்திருப்புக் காலம் குறைந்தது மூன்று மாதம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு தேவைப்படும் ஒரு பத்திர எண்ணுக்காக அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. எனவே, முக்கியமான குடும்பக் குறிப்புகளை இன்றே கணவனும் மனைவியும் பகிர்ந்துகொள்வதும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றைத் தாளில் அச்சிட்டுப் பத்திரங்களோடு வைப்பதும்தான் நடைமுறைக்கு ஏற்றவை.

பகிர்ந்தால் மட்டும் போதாது, மற்றவர் தேடினால் கிடைக்கவும் வேண்டும். பெரும்பாலான செயலிகளின் தேடல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதுதான். "வீட்டு வரி" என்று எழுதப்பட்ட குறிப்பு "வீடு" என்று தேடுபவருக்குக் கிடைக்காமல் போகலாம். வீட்டில் எல்லோரும் சொல்லும் சொல்லையே தலைப்பாக வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

அடுத்தது, வெளியே எடுப்பது. 2008-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்து உலகெங்கும் புகழ்பெற்ற எவர்நோட் செயலியை, 2023 தொடக்கத்தில் இத்தாலிய நிறுவனமொன்று கையகப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில், கட்டணம் செலுத்தாதவர்கள் ஐம்பது குறிப்புகளும் ஒரு குறிப்பேடும் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு வந்தது. பழைய குறிப்புகளைப் படிக்கவும் வெளியே எடுக்கவும் தடையில்லை. ஆனால் வரம்பை மீறியிருந்தவர்கள் புதிதாக எழுத முடியவில்லை. கூகுளின் பழைய நோட்புக் சேவை 2012-இல் மூடப்பட்டது. பணிகளைப் பட்டியலிடப் பலரும் விரும்பிய வுண்டர்லிஸ்ட் 2020 மே மாதத்தோடு நின்றுபோனது. வணிக நிறுவனங்கள் இவ்வாறு முடிவெடுப்பது இயல்பே. அதனால்தான், இலவசம் என்பதை மட்டும் பார்த்துப் பத்தாண்டுக் கணக்குவழக்கை ஒரே இடத்தில் ஒப்படைப்பவர், வாசலைப் போலவே கொல்லைக் கதவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கீப்பில் எழுதியவற்றைக் கூகுளின் டேக்அவுட் சேவை வழியாகக் கோப்புகளாக இறக்கிக்கொள்ளலாம். ஆப்சிடியன் என்ற குறிப்புச் செயலி, குறிப்புகளை நம் கருவியிலேயே, உரை எழுதும் எந்தச் செயலியிலும் திறக்கக்கூடிய எளிய உரைக் கோப்புகளாக வைக்கிறது. ஜோப்ளின் என்ற திறந்தமூலச் செயலியும் அவ்வாறே உரைக் கோப்புகளாக ஏற்றுமதி செய்ய இடம் தருகிறது.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன். பகிர்வது நல்லது என்பதற்காக ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணையும் வங்கிக் கடவுச்சொல்லையும் சாதாரணக் குறிப்பில் எழுதுவது கூடாது. அவற்றைப் பாதுகாப்பாகப் பூட்டிவைக்கக் கடவுச்சொல் மேலாளர் என்னும் தனிச் செயலிகள் இருக்கின்றன. ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று போன்றவற்றைப் படமெடுத்துக் குறிப்புகளில் ஒட்டிவைப்பதைவிட, 2015-இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் பெற்றுவைப்பதே மேல். அங்கு வழங்கப்படும் ஆவணங்கள் அசலுக்கு இணையாகச் சட்டப்படி ஏற்கப்படுகின்றன.

தங்கள் நாளிதழில் இனி ஒரு செயலியை அறிமுகம் செய்யும்போது, அதில் எழுதியதை எந்த வடிவில் வெளியே எடுக்கலாம், குடும்பத்தினரோடு பகிர முடியுமா, வாரிசு நியமனம் உண்டா, இலவச வரம்பு எதுவரை என்ற நான்கு விவரங்களையும் கட்டுரையின் ஓரத்தில் சிறு கட்டமாக வெளியிடுமாறு வேண்டுகிறேன். விலையும் மதிப்பெண்ணும் அச்சாகும் இடத்திலேயே இவற்றுக்கும் இடம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மயிலாடுதுறை