மாடி ரூம் அப்படியே இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்ததில் இருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, தைலம் தேய்த்துக்கொள்கிறாள். அம்மாயி எப்போதும் போலத்தான். பாப்பா செமஸ்டர் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். மாடி ரூமை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. மில்லில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனுக்காகப் போன மாதம் கேட்டு வந்தார்கள், இல்லைங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் கட்டில், மேஜை, சுவரில் நீ ஒட்டிய பிலிப்பைன்ஸ் படம் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஃபேன் ரெகுலேட்டர் மட்டும் மாற்றினேன். சும்மா தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. நாலு வரி. அம்மா போனை என்னிடம் நீட்டி, "அவ்வளவுதானா, கீழே இன்னும் இருக்குதா பாருங்க" என்றாள். தள்ளித் தள்ளிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஊழியத்தில் இருக்கிறவனுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு, அதிலேயே துணி துவைக்க வேண்டும், அரிசி பருப்பு வாங்க வேண்டும், முடி வெட்ட வேண்டும், மிஷன் தலைவருக்கு வாரக் கடிதம் எழுத வேண்டும் என்று நானே அவளுக்குச் சமாதானம் சொன்னேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீயும் உன்கூட ஜோடியாக ஊழியம் செய்கிற கம்பானியனும் மாற்றி மாற்றிச் சமைப்பதாக எழுதியிருந்தாய். அந்தப் பையன் சமைக்கிற நாளில் பிடிக்கவில்லை என்று தட்டை ஒதுக்காதே.

ஆரம்பத்தில் நீ எழுதிய கடிதங்களை எல்லாம் பாப்பா பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறாள். முதல் வாரப் பயிற்சியை நம் மாடி ரூமிலேயே கம்ப்யூட்டர் முன்னால் வெள்ளைச் சட்டையும் டையும் கட்டி முடித்தாய். அப்புறம் மணிலாவில் பயிற்சி மையத்துக்குப் போனதும், எதிரிலேயே ஆலயம், 1984-ல் பிரதிஷ்டை செய்தது, ராத்திரி விளக்குப் போட்டால் கண்ணை எடுக்க முடியவில்லை என்று எழுதினாய். நான் இந்த மார்மன் சபைக்கு வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது, வாராவாரம் கூடுகிற கட்டிடம் வேறு, ஆலயம் வேறு, ஒரு ஆலயத்தையும் நேரில் பார்த்ததில்லை. 2018-ல் பெங்களூருக்கு ஆலயம் வருகிறது என்று அறிவித்த அன்றைக்கு அம்மா அழுதது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு முந்தி நீ பார்த்துவிட்டாய் என்று நான் யாரிடம் எல்லாம் சொன்னேன் தெரியுமா? ஒர்க்‌ஷாப்பில் டீ வாங்கி வருகிற பையனிடம் கூடச் சொன்னேன்.

சான் பாப்லோவுக்குப் போனதும் வந்த கடிதம் ஏழு பக்கம். ஊரைச் சுற்றி ஏழு ஏரி, மீதி எல்லாம் தென்னை, பொள்ளாச்சியில் இருந்து ஆனைமலை போகிற ரோடு மாதிரியே இருக்குதுங்கப்பா என்று எழுதியிருந்தாய். சினிகாங் என்று ஒரு புளிச்சாறு, அம்மாவின் ரசத்தில் கறித்துண்டைப் போட்டுக் கொதிக்க வைத்த மாதிரி என்றாய். பெரியவர்கள் கையைப் பிடித்துச் சின்னப் பிள்ளைகள் நெற்றியில் வைத்துக்கொள்வதை எழுதினாய். பேச்சுக்குப் பேச்சு மரியாதைக்கு 'போ' என்று சேர்க்கிறார்கள், நம் கோயமுத்தூர் 'ங்க' மாதிரியே, அதனால் எனக்கு அந்தப் பாஷை சீக்கிரம் வந்துவிடும் என்றாய். முகத்துக்கு 'முக்ஹா', வாத்தியாருக்கு 'குரோ', நம்பிக்கைக்கு 'பாக்-ஆசா', இதெல்லாம் நம்ம பக்கத்து வார்த்தை போல இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டிருந்தாய். அதை உபவாச ஞாயிறு அன்று சாட்சி சொல்லும் நேரத்தில் மேடையில் நின்று வாசித்தேன். பால் திருத்துவதாஸ் அய்யா இந்தக் கோவைப் பக்கத்தில் இருந்து சால்ட் லேக்கில் இருக்கிற சபைத் தலைமைக்குக் கடிதம் எழுதி எழுதி, 1965-ல்தான் ஞானஸ்நானம் பெற்றார். இன்றைக்கும் இந்தியா முழுக்க எண்ணினாலும் நாம் சுமார் 15,000 பேர்தான். பிலிப்பைன்ஸில் 8 லட்சத்துக்கு மேல். இந்தச் சின்ன மந்தையில் இருந்து ஒரு பிள்ளை அங்கே போய்ப் போதிக்கிறான் என்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்படி எழுதின பிள்ளை நாலு வரி எழுதினால் வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்க வேண்டாமா? எங்கள் காலத்தில் வீட்டுக்குப் போன் செய்ய வருஷத்துக்கு இரண்டு தடவைதான் அனுமதி, மற்றபடி தபால்தான். இப்போது வாராவாரம் முகம் பார்த்துப் பேசலாம் என்று 2019-லேயே சொல்லிவிட்டார்கள். சரி, விடு. திட்டுவதற்காக எழுதவில்லை.

அந்த ஜீப்னி டிரைவர் அண்ணன் விஷயத்துக்கு அப்புறம்தான் உன் கடிதம் சுருங்கியது. பதினொரு வாரம் போய் வந்தீர்கள். நியூயார்க் மாநிலத்துத் தோப்பில் பதினாலு வயசுப் பையன் ஜோசப் ஸ்மித் முழங்கால் போட்டதில் ஆரம்பித்து, இறந்த பின்பும் குடும்பம் பிரியாது என்பது வரைக்கும் எல்லாப் பாடமும் கேட்டார். காப்பியை விட்டார். முழுக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வெள்ளை உடுப்பை நீயே இஸ்திரி போட்டு எடுத்துப் போனாய். மத்தியானம் வரை காத்திருந்தும் அவர் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அப்பா இல்லை என்று சொல்லச் சொல்லி உள்ளே இருந்தே குழந்தைக்குக் குரல் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஒரு பெயர் கூட உன் கடிதத்தில் வருவதில்லை. 'மழை. நான்கு பாடம் எடுத்தோம்.' யார் வீட்டில், என்ன கேட்டார்கள், பலகாரம் என்ன வைத்தார்கள், ஒன்றும் இல்லை.

தம்பி, அந்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், அடுத்த தடவை பார்க்கலாம் என்பார்கள் என்று நீயே எழுதினாய். நம் ஊரிலும் அப்படித்தானே. தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்களாக இருந்த குடும்பம், அம்மா அப்பா, மாமனார் மாமியார் என்று எத்தனை பேர் முகத்தில் அவர் விழிக்க வேண்டியிருந்ததோ. நான் சபைக்கு வந்தபோது பெருமாநல்லூரில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். உன் பாடத்தில் குறை இருந்து அவர் வராமல் போகவில்லை. மறுபடி ஒரு நாள் போ. பாடம் எடுக்கப் போகாதே. கூரைத் தகரம் பறக்கிறதா என்று பார், ஒரு கை பிடி, வந்துவிடு. அந்தக் குழந்தை சாயங்கால இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறதா?

புயல் வேறு. உங்கள் நாட்டு வானிலை ஆபீஸுக்குப் பெயரே பகாசாவாம், நீ சொன்ன அந்த நம்பிக்கை என்ற வார்த்தைதான். ராத்திரி படுப்பதற்கு முன்னால் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். சாப்பிடு, பத்தரைக்கு விளக்கை அணைத்தால் தூங்கு. ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டிய உடம்பு அது. தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்காதே.

போன திங்கட்கிழமை பேசினோம் இல்லையா. அம்மாயி, "ஊர் ஊரா நடந்து என்னத்தைக் கண்டே சாமி" என்று கேட்டதும் நீ சிரித்தாய், முகம் கழுவிட்டு வந்துடறேன் என்று எழுந்து போனாய். குழாய்ச் சத்தம் கேட்டது. வாளி நிரம்பி வழிகிற சத்தமும் கேட்டது, குழாயை நிறுத்தவில்லை. திரும்பி வந்தபோது காலர் நனைந்திருந்தது, கண் ஓரம் சிவந்திருந்தது. அங்கே ரொம்பப் புழுக்கம் போல என்றாள் அம்மா. நான் ஒன்றும் பேசவில்லை. அந்தக் குழாய் எனக்குத் தெரியும்.

1996-ல் ராஜமுந்திரியில் ஊழியம் செய்தபோது நானும் என் கம்பானியனும் ஒரே அறையில் படுத்திருப்போம். ஒருவர் கண்ணில் இருந்து ஒருவர் மறையக் கூடாது, குளிக்கிற அறை ஒன்றுதான் தனியாக இருக்கும் இடம். ராத்திரி அவன் தூங்கினானா என்று பார்த்துவிட்டு அங்கே போய்க் குழாயைத் திறந்து விடுவேன். தகர வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் வேறு சத்தம் வெளியே கேட்காது. தெலுங்கு வாயில் வரவில்லை. போகிற வீட்டில் எல்லாம் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள், யாரும் கதவைச் சாத்தவில்லை. ஆனாலும் காலையில் டையைக் கட்டும்போது கை நடுங்கும். யாரிடமும் சொல்லவில்லை. கம்பானியனிடம் சொல்லவில்லை, மிஷன் தலைவருக்கு வாராவாரம் நன்றாக இருக்கிறேன் என்றே எழுதினேன்.

ஏழாவது மாதம் மஞ்சள் காமாலை வந்தது. அது பொய் இல்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள், கீழாநெல்லி கொடுத்தார்கள், ஆறு வாரத்தில் தேறிவிட்டேன். உடம்பு சரியானதும் எந்த மாதமானாலும் வா, உன் இடம் இருக்கிறது என்று மிஷன் தலைவர் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்கு நான் பதிலே போடவில்லை. ஈரல் கெட்டுவிட்டது, வெளியூர்ச் சாப்பாடு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று சபையில் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. உன் தாத்தாவிடமும் அதையே சொன்னேன், கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவிடமும் சொன்னேன். சூலூர் அத்தை இன்றைக்கும் எனக்குத் தனியாகக் காரம் குறைத்துச் சமைக்கிறாளே, அது அந்தப் பொய்க்குத்தான். கடிதம் பீரோவில் என் பழைய மார்மன் புத்தகத்துக்குள் இருக்கிறது.

நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்குச் சொன்னது இருக்கட்டும், அவனுக்கு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கோவை ஏர்போர்ட்டில் உன்னைக் கட்டிப்பிடித்தபோது காதில் சொன்னேனே, என்ன ஆனாலும் பாதியில் திரும்பி வரக் கூடாது என்று. அது உனக்குச் சொன்ன வார்த்தை இல்லை தம்பி. முப்பது வருஷமாக எனக்குள்ளே நான் சொல்லிக்கொண்டிருந்ததை உன் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் உன் பெயருக்குப் பின்னால் என் பெயர். அதனால் உன் சட்டையில் இருக்கிற கறுப்பு பேட்ஜிலும் எல்டர் என்கிற ஊழியப் பட்டத்துக்குப் பக்கத்தில் என் பெயர்தான். காலையில் இருந்து ராத்திரி வரை அந்த ஊரே உன்னை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. முதல் போட்டோவில் அதைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ இருபத்து நாலு மாதமும் முடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். ஆனால் ஏர்போர்ட்டில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மூச்சு முட்டினால் இந்த வாரக் கடிதத்திலேயே மிஷன் தலைவருக்கு உள்ளதை உள்ளபடி எழுது. நன்றாக இருக்கிறேன் என்று எழுதாதே. மனசு சரியில்லை என்றால் பேசுவதற்கு டாக்டர்கள் ஏற்பாடு இப்போது இருக்கிறது, எங்கள் காலத்தில் அதைக் கேட்கலாம் என்றுகூட எனக்குத் தெரியாது. கம்பானியனிடம் சொல். பக்கத்துக் கட்டிலில்தானே படுத்திருக்கிறான், அவனுக்கும் ஏதாவது இருக்கும். அப்படியும் முடியவில்லை என்றால் டிக்கெட்டைப் பற்றி யோசிக்காதே. உன்னை அழைத்து வர ஏர்போர்ட்டுக்கு நானே வருவேன். சபையில் யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இந்தத் தடவை காமாலை என்று சொல்ல மாட்டேன்.

பாப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. மாடி ரூமைப் பற்றி நானாகத்தான் எழுதினேன். சாவி கடிகாரத்துக்குக் கீழே அதே ஆணியில் இருக்கிறது.

திங்கட்கிழமை பேசும்போது முகம் கழுவ எழுந்து போக வேண்டாம். அங்கேயே உட்கார்ந்திரு. அழுகை வந்தால் எங்கள் முன்னாலேயே அழு. அம்மாயியை அந்த நேரத்துக்குக் கோயில் வீதிக்கு அனுப்பி வைக்கிறேன். உங்கள் பதினொன்றரைக்கு இங்கே ஒன்பது மணி, ஒர்க்‌ஷாப்புக்கு மத்தியானம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், எவ்வளவு நேரம் ஆனாலும் இருப்பேன்.

போட்டோவில் உன் வலது ஷூ விளிம்பு விட்டுப் போயிருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே போனால் கால் புண்ணாகும். பார்சலில் ஒரு ஜோடி அனுப்புகிறேன். நம்பர் எட்டா ஒன்பதா, அதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா