தளம் போடும் அன்று வேண்டாம், மறுநாள் வாருங்கள்

வீடில்லாத குடும்பங்களுக்கு வீடு கட்ட ஆள் அனுப்பும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவினருக்கும், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

கலைஞரின் கனவு இல்லம், பிரதமர் வீடு என்று கிராமத்துக் கிராமம் எழும்பும் சிறு வீடுகளுக்குச் சனி, ஞாயிறுகளில் உங்கள் பிள்ளைகள் வந்து கைகொடுக்கிறார்கள். மகிழ்ச்சி. சிக்கல் நீங்கள் கேட்கும் நாளில் இருக்கிறது. "கூரைத் தளம் என்றைக்குப் போடுகிறீர்கள், அன்றைக்கு 40 பேர் வருகிறோம்" என்பீர்கள். தயவுசெய்து அன்று மட்டும் வேண்டாம்.

கனவு இல்லம் மொத்தமே 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். நாலரை அங்குல கனத்துக்குக் கணக்குப் போட்டால் 112 கன அடி கான்கிரீட். ஒன்று, ஒன்றரை, மூன்று என்ற கலவையில் சிமெண்ட் 26 மூட்டை, எம்-சாண்ட் ஏறக்குறைய 50 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 100 கன அடி. மிக்சர் மெஷினோடு பழகிய கோஷ்டி பத்துப் பதினைந்து பேர் இருந்தால் அரை நாளில் முடிந்துவிடும். தண்ணீர் பட்ட கலவை யாருக்காகவும் காத்திருக்காது. கலவை அள்ளும் பாண்டு சட்டி கை மாறும் வரிசையில் ஒருவர் செல்ஃபி எடுக்க நின்றால், ஏற்கெனவே கொட்டியது இறுக ஆரம்பித்து, அடுத்துக் கொட்டுவது அதோடு சேராமல் ஒட்டு விழும். மழைக்காலத்தில் அந்த ஒட்டு வழியாகத்தான் வீடு ஒழுகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து காலில் இருக்கிறது. ஜன்னலுக்கு மேலே வரும் சன்ஷேடைப் பாருங்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்பதால் அதன் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். பழகாதவர் அதன்மேல் ஏறி நடந்தால் கம்பி பலகைவரை அமுங்கிவிடும். மேலே கான்கிரீட்டைக் கொட்டி மட்டம் அடித்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. அடியில் தாங்கும் முட்டுக் கழிகளைப் பிரித்த அன்றோ, நாலு வருடம் கழித்தோ சன்ஷேடு தொங்கும். கீழே ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அறைத் தளத்தில் சுவருக்கு மேலே போகும் கம்பிகளுக்கும் இதே கதிதான். பிறகு அந்த வாளித் தண்ணீர். கலவை கெட்டியாக இருக்கிறது, அள்ளக் கஷ்டமாக இருக்கிறது என்று நல்லெண்ணத்தில் ஒருவர் ஊற்றிவிடுவார். ஒரு மூட்டைக்கு மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து 27 லிட்டருக்கு மேல் போனால், கையில் வேலை சுலபம், தளத்தில் பலம் போச்சு.

வாரக் கடைசியில் போய் வீடு கட்டிக் கொடுப்பது என்ற எண்ணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. மில்லார்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் 1976-இல் ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் ஊரில் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார்கள். அங்கே பெரும்பாலும் மரச்சட்ட வீடு. சுத்தியலும் ஆணியும் பிடிக்கத் தெரிந்தால், காலையில் தரையில் கிடக்கும் சட்டம் சாயங்காலத்துக்குள் சுவராக நிற்கும். நம் ஊர் வீடு சிமெண்டும் தண்ணீரும். அதற்கு ஆள் கூட்டத்தைவிட நாள் கணக்கு முக்கியம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள், தளம் போட்ட மறுநாள் காலை வாருங்கள். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் ஆள் இருக்காது. கோஷ்டி அடுத்த ஊருக்குப் போயிருக்கும், வீட்டுக்காரர் கூலி வேலைக்குப் போயிருப்பார். கான்கிரீட் பலம் பிடிக்க, தளத்தின் மேலே வரப்பு கட்டிப் பாத்தி பிடித்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்த வேண்டும். 300 சதுர அடிக்கு அது 1,400 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 90 குடத்துக்கு மேல். தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரில் இதை யார் சுமப்பது? அந்த வீட்டு அம்மாள்தான், மூங்கில் ஏணியில். வெயிலில் பாத்தி வற்றும், வரப்பு கசியும், மறுநாளும் சுமக்க வேண்டும். மூன்றாம் நாள் கை ஓய்ந்துபோகும். தளத்தில் வெளுத்த திட்டுகள் தெரியும், அதில் முடி கனத்தில் வெடிப்பு ஓடும். இப்போது மூட்டையில் வருவது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காய விடக்கூடாது. 40 பேர் ஒரு நாள் வருவதைவிட, 4 பேர் 10 நாள் முறை வைத்து வந்தால் அந்தத் தளம் பிழைக்கும். நாட்டு நலப்பணி முகாம் எப்படியும் 7 நாள் நடக்கிறது. தேதியை மட்டும் எங்களோடு பேசி வையுங்கள்.

அதற்கு முந்தைய கட்டத்திலும் வேலை உண்டு. பேஸ்மட்டம் நிரப்புவதைச் சொல்லலாம். இரண்டு அடி உயரம் என்றால் ஐந்து யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) மேல் மண் போகும். லாரியில் கொண்டுவந்து மொத்தமாகக் கொட்டி, மேலே தண்ணீர் விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கமாகிவிட்டது. மேலே இறுகும், அடியில் பொலபொலவென்று கிடக்கும். முதல் மழை முடிந்ததும் தரை அமுங்கிச் சுவரோரம் விரல் நுழையும். அரை அடி மண், தண்ணீர், திம்மிஸ் கட்டையால் இடித்து இறுக்குதல், மறுபடி அரை அடி. அலுப்பான வேலை, ஆனால் பழகாத கையும் செய்யலாம். செங்கல் நனைப்பதும் அப்படியே. மேலே தெளித்தால் போதாது, தொட்டியில் போட்டுக் குமிழி அடங்கும்வரை ஊற வேண்டும். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால், ஒரு வாரம் கழித்துக் கட்டை விரலால் நெருடினாலே ஒட்டுக் கலவை மாவாக உதிரும்.

பணம் தருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பனியனுக்கும் பேனருக்கும் ஆகும் செலவைச் சென்ட்ரிங் வாடகைக்குக் கொடுங்கள். பலகைக்கும் முட்டுக்கும் நாள் வாடகை ஓடுவதால் ஐந்தாம் நாளே பிரித்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். 10 அடி அகல அறைக்குக்கூட முட்டு 7 நாள் நிற்க வேண்டும். பி.பி.சி.க்கு நாங்கள் 14 நாள் கேட்போம். திறப்பு விழாத் தேதியை முதலில் அச்சடித்துவிட்டு வேலையை முடுக்காதீர்கள். ஈரச் சுவரில் அடித்த உங்கள் கம்பெனி வண்ணம் உப்புப் பூத்து உரிவதைப் பலமுறை பார்த்தாயிற்று. பூச்சு முடிந்து ஒரு மாதம் விடுங்கள். வெள்ளையடித்தாலே வீடு வீடுதான்.

சாப்பாட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். விருந்தாளி வந்தால் சும்மா அனுப்ப மனம் வராமல், 40 பேருக்கு டீயும் வடையும் கடனுக்கு வாங்கும் வீடு அது. நீங்கள் வருகிறீர்கள் என்று சித்தாளை அன்று நிறுத்திவிட்டால் அவர் கூலியும் போகும். மேஸ்திரியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். செருப்புக் காலோடு ஈரக் கலவையில் நிற்க வேண்டாம், சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். ரப்பர் பூட்ஸும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை தொலைபேசியில் அழைக்கும்போது, ஊருக்குள் எங்கெங்கே தளம் காய்கிறது என்று கேளுங்கள், பட்டியல் தருகிறோம். 30 மீட்டர் ஹோஸ் ஒன்றும், நனைத்துத் தளத்தை மூடப் பழைய சாக்கு இருபதும் எடுத்து வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கிராமத்து வீட்டு வேலை பார்க்கும் கொத்தனார்கள், மேற்பார்வையாளர்கள்