வினைச்சொல்லைத் தேடச் சொல்லுங்கள்: ஒரு திறந்த மடல்

ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

'இவ்வாக்கியத்தைப் பாதியாகச் சுருக்குக' என்று பயிற்சி கொடுக்கிறீர்கள். எதை வெட்டுவது என்று காட்டாமல் அளவை மட்டும் சொன்னால், மாணவர் கண்ணில் படும் சிறுசொற்களைத்தான் முதலில் வெட்டுவார். ஆங்கிலத்தில் பொருளைத் தாங்கி நிற்பவை பல நேரங்களில் அவைதான். 'எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் நண்பர்கள் சிலர் உண்டு. அந்த 'எ' போனால் நண்பர்களே அரிது என்றாகிவிடும். 'தி மேனேஜர் பிலீவ்ட் தட் தி ரிப்போர்ட் வாஸ் ராங்' என்பதில் 'தட்' இல்லாவிட்டாலும் பிழையில்லை. ஆனால் மேலாளர் அறிக்கையை நம்பினார் என்று எண்ணியபடி படிப்பவர், 'வாஸ் ராங்' வந்ததும் திரும்பிப் போய் மறுபடி படிக்க வேண்டும்.

ஊளைச்சதை இருப்பது வேறிடத்தில். 'தி கமிட்டி மேட் எ டிசிஷன் டு கேரி அவுட் அன் இன்வெஸ்டிகேஷன் ஆஃப் தி கம்ப்ளெயின்ட்': 13 சொற்கள். 'ஷன்', 'மென்ட்' என்று முடியும் பெயர்ச்சொற்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். முன்னால் மேக், கிவ், கேரி அவுட் போன்ற வலுவற்ற வினை நிற்கிறதா என்று பார்க்கட்டும். நின்றால், அதை நீக்கிவிட்டுப் பெயர்ச்சொல்லையே வினையாக்கட்டும். 'தி கமிட்டி டிசைடட் டு இன்வெஸ்டிகேட் தி கம்ப்ளெயின்ட்': 7 சொற்கள். எ, அன், ஆஃப் மூன்றும் தாமாகவே கழன்றுவிட்டன, பொருள் குறையவில்லை.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. 'மேட் எ டிஃபிகல்ட் டிசிஷன்' என்பதில் 'டிஃபிகல்ட்' தொற்றி நிற்க அந்தப் பெயர்ச்சொல் தேவை. 'டிசைடட் வித் டிஃபிகல்டி' என்று மாற்றினால், கடினமான முடிவு என்பது தடுமாறி எடுத்த முடிவாகிவிடும்.

'டியூ டு தி ஃபேக்ட் தட்' வேண்டாம், 'பிகாஸ்' போதும். 'டிஸ்கஸ்' என்பதோடு 'அபௌட்' சேராது. இவற்றுக்கு ஒரு பட்டியல் போதும்.

சொல்தேர்வுக்குப் பட்டியல் போதவே போதாது. ஃபேமஸ், நோட்டோரியஸ் இரண்டையும் ஒருபொருட்சொற்கள் என்று அடுத்தடுத்து அச்சிட்டால், புகழ்பெற்ற மருத்துவரைப் பற்றி எழுதும் மாணவர் அவரைக் கெட்ட பெயர் எடுத்தவராக்கிவிடுவார். மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்' என்பதற்கு எந்த இலக்கண விதியும் துணைக்கு வராது, வழக்கு அப்படி. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் அது இயல்பாகச் சேரும் சொல்லோடு முழு வாக்கியத்தில் கொடுங்கள்.

கேட்டுத் தெளிய ஆளின்றித் தனியே படிப்பவர்களை நினைத்து, அடுத்த பதிப்பின் விடைப்பக்கத்தில் எந்தச் சொல் ஏன் போனது, எந்தச் சிறுசொல் ஏன் தங்கியது என்று ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரி சேருங்கள்.