மருமகனே, தோணியைக் கட்டியது தாத்தா இல்லை

அன்புள்ள மருமகனுக்கு,

நம் குடும்பத்தைப் பற்றி நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். கடையைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. உன் பூட்டனாரை, அதாவது என் தாத்தாவை, ‘கப்பல் கட்டிய வணிகர்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மாற்றிவிடு ராசா.

தாத்தா மொத்த வியாபாரி. உடன்குடிக் கருப்பட்டியும் வெங்காயமும் வற்றலும் வாங்கி, தூத்துக்குடியிலிருந்து பெரிய பாய்மரத் தோணியில் கொழும்புக்கு ஏற்றுவார். தோணிக்காரர் சொன்னதுதான் கூலி, சொன்னதுதான் நாள். ஈரக்காற்று பட்டால் கருப்பட்டி கசிந்துவிடும். அப்படிக் காத்துக் கிடந்தே நஷ்டப்பட்டவர், கடைசியில் சொந்தத் தோணி ஒன்று இறக்கத் துணிந்தார். பாட்டியின் நகையெல்லாம் அதில்தான் போனது.

பணம் அவர் போட்டது. கட்டியது ஓடாவி. மரக்கலம் கட்டும் தச்சரை நம் கடற்கரையில் அப்படித்தான் சொல்வார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது. ஏரா என்கிற அடிமரத்தை எப்படிப் போடவேண்டும், அதன்மேல் எந்த விலாச்சட்டம் எவ்வளவு வளையவேண்டும் என்பதெல்லாம் அவர் கண்ணிலேயே இருந்தது. நேரான மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுந்து வலு போய்விடும். அதனால் தானாகவே வளைந்து வளர்ந்த மரமாகப் பார்த்துத் தேடுவார். ஒரு கிளைக்காக ஊர் ஊராக அலைந்த கதையைத் தாத்தா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பலகை இடுக்குகளில் பஞ்சை அடித்து இறுக்குவார்கள். அந்த இறுக்கம் போதுமா என்று உளிச் சத்தத்தைக் கேட்டே ஓடாவி சொல்லிவிடுவாராம். கொச்சியில் நீ கப்பல் கட்டுமானம் படிக்கிறாய், இது எவ்வளவு பெரிய வித்தை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தோணி கடலில் இறங்கிய அன்று முதல் மாலை ஓடாவிக்குத்தான். “நான் சரக்கு ஏத்தினவன், அவ்வளவுதான்” என்பார் தாத்தா.

வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், காலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்ததும் நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். தெரியத்தான் வேண்டும். ஆனால் அவை வெளிநாட்டில் வாங்கியவை. நம் மணலிலேயே நம் ஆட்கள் கட்டி இறக்கிய தோணிகளைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் தள்ளியே நங்கூரம் போடும். அவற்றின் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்ததும் தோணிகள்தான். 1974-ல் புதுத் துறைமுகம் வந்தபின் அந்த வேலை போயிற்று. தாத்தா தோணியை அதற்கு முன்பே விற்றுவிட்டார்.

அந்த ஓடாவியின் பேரர் வீட்டை விசாரித்து வைத்திருக்கிறேன். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது, பேச்சு தெளிவாக இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது நோட்டும் அளவு நாடாவும் கொண்டு வா. இருவரும் போய் உட்கார்ந்து, முதலில் அந்த ஓடாவியின் பெயரை எழுதிக்கொள்வோம்.

அன்புடன்,
மாமா