படிவம் நிரப்பியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த மாதத்தோடு பணி ஓய்வு பெறுகிறேன். பிரிவுபசார விழாவில் என் கட்டுரைகளைப் பற்றி நிறையப் பேசினார்கள். அந்தக் கட்டுரைகளில் பெயர் வராமல் போனவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் களப்பணியாளர்களுக்கு. வறுமையைப் பற்றி நான் எழுதியதெல்லாம் நீங்கள் வீடு வீடாக நடந்து நிரப்பிய படிவங்களில் இருந்து வந்தது. என் முதல் ஆய்வில், "ஏழு நாளில் எவ்வளவு தானியம் சமைத்தீர்கள்?" என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். நசுங்கிய தகரக் குவளை ஒன்றைக் காட்டி, "இதில் பதினெட்டு" என்றார். பதினெட்டு என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். கூட வந்த களப்பணியாளர் என்னை நிறுத்தி, பையிலிருந்து தராசை எடுத்தார். தலைதட்டி ஒரு முறை, குவித்து ஒரு முறை நிறுத்தார். "நீங்கள் எப்படி அளப்பீர்கள், அம்மா?" குவித்துத்தான். தலைதட்டிய கணக்கோடு திரும்பியிருந்தால், அந்த வீட்டார் சாப்பிட்டதைக் குறைத்தே எழுதியிருப்பேன். எந்த வகுப்பறையிலும் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

அப்புறம், பதில் சொன்ன குடும்பங்களுக்கு. வேலையைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து, கடன் எவ்வளவு, எந்தக் குழந்தை பள்ளியை விட்டது என்பதையெல்லாம் முன்பின் தெரியாத எங்களிடம் சொன்னீர்கள். உலக வங்கியின் வறுமைக்கோடு 1990-ல் நாளுக்கு 1 டாலராக இருந்தது, 2025-ல் 3 டாலர் ஆனது. கோட்டை எங்கே போட்டாலும், அதற்குக் கீழே எத்தனை பேர் என்பது உங்களைப் போன்றவர்கள் வாசலில் சொன்ன பதில்களில் இருந்துதான் தெரிகிறது. அந்த நேரத்துக்கு ஈடாக நாங்கள் எதுவும் தரவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

புலம்பெயர்ந்து வந்த புதிதில், என் உச்சரிப்பு புரியவில்லை என்று ஒரு நேர்காணலில் பாதியிலேயே எழுப்பி அனுப்பினார்கள். அன்று மாலை, பொருளியல் அறிஞர் ஆர்தர் லூயிஸின் 1954-ஆம் ஆண்டுக் கட்டுரையை என் பேராசிரியர் கையில் கொடுத்து, லூயிஸின் கதையையும் சொன்னார். செயின்ட் லூசியா தீவிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்தவர். பொறியாளராக ஆசை, ஆனால் கறுப்பினத்தவருக்கு அந்த வேலை கிடைக்காது என்று வணிகவியல் எடுத்தார். 1979-ல் நோபல் பரிசு. "இந்தத் துறையைக் கட்டியவர்களில் பலர் வெளியிலிருந்து வந்தவர்கள்தான்" என்றார் பேராசிரியர். ஐயா, அந்தப் பேச்சு இல்லையென்றால் நான் ஊர் திரும்பியிருப்பேன். ஒவ்வோர் ஆண்டும் என் விசாவுக்காக மாலையில் தங்கிக் கடிதம் தட்டச்சு செய்த அலுவலக அக்காவுக்கும் என் நன்றி.

என் கட்டுரைகள் தொகுப்பாக வரப்போகின்றன. களப்பணியாளர்கள் எல்லோருடைய பெயரும் முதல் பக்கத்தில் வர வேண்டும். உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு வரி அனுப்புங்கள். தராசு கொண்டுவந்தவரே, உங்கள் பதிலுக்காகத்தான் முதலில் காத்திருக்கிறேன்.