ஐந்து பாவாடைகள், ஒரே பெயர்

ஹைனான் மாகாணப் பண்பாட்டு, சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1950களில் சீனாவின் ஹைனான் தீவில் வாழும் லி இனத்துப் பெண்கள் ஏறத்தாழ 50,000 பேருக்குக் கைவந்திருந்த நெசவு, 2009-இல் யுனெஸ்கோவின் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தபோது ஆயிரம் பேருக்கும் குறைவானவர்களிடமே எஞ்சியிருந்தது. 2024 டிசம்பரில் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து அதை மீட்டு, உலக மரபுகளின் பிரதிநிதித்துவப் பட்டியலுக்கு மாற்றினார்கள். பள்ளிகளில் நெசவு கற்றுத்தந்த உங்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஒரு குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடைக்கு வந்ததும் எல்லாத் துணியும் ‘லி நெசவு’ ஆகிவிடுகிறது. லி மக்களில் ஹா, ச்சீ, ருன், சாய், மெய்ஃபு என ஐந்து பிரிவுகள் உண்டு. ருன் பெண்களின் பாவாடை மிகக் குட்டையானது. மெய்ஃபு பெண்களுடையது நீளம். மெய்ஃபு பெண்கள் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, நெய்வதற்கு முன்பே கட்டுக் கட்டாக முடிந்து அவுரியில் தோய்க்கிறார்கள். கட்டிய இடம் வெள்ளையாக நின்று உருவமாகிறது. துணி வாங்கும்போது பின்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவன் நான். பைஷா வட்டாரத்து ருன் பெண்களின் இருபக்கப் பூத்தையலில் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது. எது முன், எது பின் என்றே தெரியாது.

லி மக்களின் மொழிக்கு மரபான எழுத்து கிடையாது. தவளையும் மனித உருவமும் துணியில் வருவது வெறும் அழகுக்காக அன்று; குலக்கதையும் அங்கேதான் பதிந்திருக்கிறது. பாவாடையைப் பார்த்தே எந்தப் பிரிவுப் பெண் என்று சொல்லிவிடுவார்கள். ஒற்றைப் பெயர் அழிப்பது அந்த அடையாளத்தைத்தான்.

13ஆம் நூற்றாண்டில் ஹுவாங் தாவ்போ என்ற பெண் ஹைனானின் யாஜோவில் தங்கிப் பருத்தித் தொழிலைக் கற்று, இன்றைய ஷாங்காய்ப் பகுதிக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். அவருக்குக் கோயில்கூட எழுப்பினார்கள். கற்றுக்கொடுத்த லி பெண்களில் ஒருத்தியின் பெயரும் நம்மிடம் இல்லை.

தரையில் அமர்ந்து, இடுப்பில் வாரைக் கட்டி, நீட்டிய பாதங்களால் பாவுக் கட்டையை உதைத்துப் பிடித்து நெய்கிறாள் ஒருத்தி. அவள் எழுந்தால் தறி தளர்ந்துவிடும். உடம்பே பாதித் தறி. அந்தத் துணியும் ஆலையில் அதே உருவத்தை அச்சடித்த துணியும் ஒரே மேசையில் கிடக்க விடாதீர்கள்.

துணியோடு ஓர் அட்டை வையுங்கள். எந்தப் பிரிவு, எந்த ஊர், கையால் நெய்ததா, நெய்தவள் விரும்பினால் அவள் பெயர்: இவ்வளவு போதும். வாசகத்தை நீங்களே எழுதிவிடாமல், முதலில் அந்தந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கைத்தறித் துணிப் பிரியன் ஒருவன்