தூக்குச்சட்டிக்குத் தபால் செலவு

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா சேர்த்து வைத்துவிட்டுப் போன தபால்தலை ஆல்பங்களையும் நாணயங்களையும் அரக்கு இசைத்தட்டுகளையும் அலமாரியில் பூட்டி வைப்பதைவிட, அருமை தெரிந்தவர்கள் கையில் சேர்ப்பதே சரி என்று நீயும் தங்கையும் முடிவெடுத்ததைப் படித்தபோது மனம் கொஞ்சம் கனத்தது. ஆனாலும் நல்ல முடிவு என்றுதான் தோன்றுகிறது. பள்ளிக்கூட நாட்களில் நான் உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், தபால்தலையை விரலால் தொடக்கூடாது என்று சொல்லி, இடுக்கியை என் கையில் கொடுத்து, தபால்தலையின் பல் ஓரத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டியவர் அவர். அந்தப் பொருள்கள் வழியில் உடைந்தோ, சுங்கத்தில் சிக்கியோ போய்விடக் கூடாது என்பதில் உனக்குள்ள அக்கறை எனக்கும் உண்டு.

‘எல்லா நாடுகளுக்கும் அனுப்பும் செலவு 30 ரிங்கிட்’ என்று எழுதி இணையத்தில் ஏற்றப் போவதாகச் சொல்லியிருந்தாய். தயவுசெய்து இன்னும் ஏற்றாதே. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் பட்டதை முதலில் சொல்கிறேன். லோரோங் கூலிட் சந்தையில் வாங்கிய நான்கு அடுக்கு எனாமல் தூக்குச்சட்டி ஒன்றை ஜெர்மனியில் இருக்கும் ஒருவருக்கு விற்றேன். சமையலறைத் தராசில் வைத்தபோது 1.45 கிலோ காட்டியது. இரண்டு கிலோவுக்குள் இருக்கிறதே, சிறு பொட்டலமாகத் தபாலில் போய்விடும் என்று கணக்கிட்டு, அதற்கு ஏற்ற தொகையை வாங்குபவரிடம் கேட்டேன், அவரும் கட்டிவிட்டார். விற்றதற்குப் பிறகுதான் பெட்டி தேடினேன். வீட்டில் கிடந்த பெட்டி 40 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 25 உயரம். எனாமல் ஓரத்தில் தட்டினால் சில்லு பெயர்ந்துவிடும் என்பதால் குமிழ்த்தாளைச் சுற்றிச் சுற்றித் திணித்து, டேப் ஒட்டி எடை பார்த்தால் 2.15 கிலோ. தபாலில் சிறு பொட்டலத்துக்கு இரண்டு கிலோதான் வரம்பு. வேறு வழியில்லாமல் ஒரு கூரியர் கவுன்டருக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெண் தராசைப் பார்ப்பதற்கு முன்பே அளவு நாடாவை எடுத்துப் பெட்டியை மூன்று பக்கமும் அளந்து, ‘ஐந்து கிலோ’ என்றார். வாங்குபவரிடம் கேட்டிருந்த தொகையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கை அன்று கட்டினேன். சட்டியில் கிடைத்த லாபம் அந்தக் கவுன்டரிலேயே கரைந்துவிட்டது.

அந்தப் பெண் ஏமாற்றவில்லை. விமானத்தில் எடையும் இடமும் இரண்டுமே விலை கொண்டவை. பஞ்சு மூட்டையும் இரும்புக் கட்டியும் ஒரே அளவில் இருந்தால் அடைக்கும் இடமும் ஒன்றுதான். ஆகவே பன்னாட்டுக் கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000 ஆல் வகுத்து, வருவதைக் கன அளவு எடை என்று எடுத்துக்கொள்கின்றன. உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். என் பெட்டியைப் பெருக்கினால் 25,000. வகுத்தால் சரியாக 5. பிற்பாடு அதே மாதிரி இன்னொரு சட்டி கிடைத்தபோது, கைப்பிடிச் சட்டத்தைக் கழற்றிப் பக்கவாட்டில் வைத்து, அடுக்குகளுக்கு நடுவே அட்டை வட்டங்களை வெட்டி இட்டு, 36க்கு 20க்கு 20 என்ற பெட்டிக்குள் அடக்கினேன். 14,400ஐ வகுத்தால் 2.88, கூரியரில் அரைக் கிலோ கணக்கில் மேலே ஏற்றி மூன்று கிலோ என்பார்கள். அதைவிட நல்ல செய்தி, மூடிய பெட்டியின் எடை 1.9 கிலோதான் வந்தது. சிறு பொட்டலத்துக்கு மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 90 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது, நீளமான பக்கம் 60ஐத் தாண்டக்கூடாது. என் பெட்டியின் கூட்டுத்தொகை 76. தபாலிலேயே போய்ச் சேர்ந்தது.

உன் அப்பாவின் இசைத்தட்டுகளை நினைத்துத்தான் இதை விரித்து எழுதுகிறேன். பத்து அங்குலத் தட்டின் குறுக்களவு 25 சென்டிமீட்டர்; ஒன்று ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். ஐந்து தட்டுகளை 32க்கு 32க்கு 10 பெட்டியில் வைத்தால் கன அளவு எடை 2.05 கிலோ ஆகிறது, அந்த 0.05க்காக 2.5 கிலோவுக்குக் கட்ட வேண்டும். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் குறைத்து 31க்கு 31 என்று வெட்டினால் 1.92, இரண்டு கிலோவோடு நின்றுவிடும். தட்டைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் மெத்தை அப்போதும் மிஞ்சும். அதற்குமேல் குறைக்காதே. அரக்குத் தட்டு கண்ணாடியைப் போன்றது, வளையாது, நொறுங்கும். தட்டுக்குத் தட்டு நடுவில் கெட்டி அட்டை வைத்து, கட்டாக இறுக்கி, பெட்டியின் சுவரை எங்கும் தொடாமல் நடுவில் நிறுத்து. உடைந்து போன தட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்தப் பாட்டை யார் திருப்பிக் கொடுப்பது?

ஆகவே ஒவ்வொரு பொருளையும் விற்பனைக்கு ஏற்றும் முன்பே, அனுப்புவதற்குத் தயார் நிலையில் கட்டி, டேப் ஒட்டி, அதன் பிறகு எடையும் அளவும் குறித்துக்கொள். வீட்டுத் தராசில் 490 கிராம் காட்டியது கவுன்டரில் 505 காட்டி, அடுத்த கட்டணப் படிக்கு ஏறிய அனுபவமும் எனக்கு உண்டு. முகவரித் தாளுக்கும் சுங்கப் படிவம் வைக்கும் பைக்கும் சேர்த்து இருபது, முப்பது கிராம் இடம் விட்டு வை.

அடுத்தது கமிஷன். ஈபே போன்ற தளங்கள் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, வாங்குபவர் கட்டும் அனுப்பும் செலவுக்கும் சேர்த்தே கமிஷன் எடுக்கின்றன. பேச்சுக்குத் தபால் செலவு 60 ரிங்கிட், கமிஷன் 13 விழுக்காடு என்று வைத்துக்கொள். 60 கேட்டால் கைக்கு வருவது 52.20. சரி, 13 விழுக்காட்டைக் கூட்டி 67.80 கேட்கலாம் என்றால், அந்தத் தொகையிலும் 13 விழுக்காடு போய் 58.99தான் மிஞ்சுகிறது. 60ஐ 0.87 ஆல் வகுக்க வேண்டும், 68.97 வரும். ஒரு பொட்டலத்தில் ஒரு ரிங்கிட் சிறிதாகத் தெரியலாம். நீ எழுதியபடி முந்நூறு பொருள்கள் இருந்தால் அது சிறிதல்ல.

விலையை அமெரிக்க டாலரில் போட்டுவிட்டுத் தபால் செலவை ரிங்கிட்டில் கட்டுகிறோம் என்பதையும் மறந்துவிடாதே. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட்டைத் தொட்டது. அதே ஆண்டு செப்டம்பர் முடிவில் 4.12 அளவுக்கு வந்துவிட்டது. 25 டாலர் என்று போட்டிருந்தால், முதலில் 120 ரிங்கிட்டாகக் கைக்கு வந்தது, ஏழு மாதத்தில் 103 ஆகிவிடும். கவுன்டரில் கட்டணம் அப்படியேதான் இருக்கும். மாதம் ஒருமுறையாவது திருத்து.

சுங்க விஷயத்தில் உலகம் மாறிப்போய்விட்டது. அப்பா காலத்து நண்பர்கள் சொல்வதை வைத்துக் கணக்குப் போடாதே. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரைக்கும் கொடுத்திருந்த வரிவிலக்கை 2021 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. என் தூக்குச்சட்டியை வாங்கியவர் வாசலில் வரி கட்டிய பிறகு எனக்கு எழுதிய வருத்தமான கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். முன்கூட்டியே சொல்லாதது என் பிழை. ஆஸ்திரேலியா 1000 ஆஸ்திரேலிய டாலருக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2018 ஜூலை முதல் வரி வாங்குகிறது. அதைப் பெரும்பாலும் விற்பனைத் தளமே பிடித்துக் கட்டிவிடும். அமெரிக்காவில் 2016 முதல் இருந்த 800 டாலர் விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளின் பொருள்களுக்கும் நிறுத்தப்பட்டது. அந்தச் சமயத்தில் பல நாட்டுத் தபால் துறைகள் அமெரிக்காவுக்குப் பொட்டலம் ஏற்பதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தன. ஆகவே அமெரிக்காவுக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும், அந்த வாரத்து விதி என்ன, வரியை யார் எந்த இடத்தில் கட்டுகிறார்கள் என்று கவுன்டரில் கேட்டுவிட்டே விலை சொல்.

படிவத்தில் பொருளின் பெயரைத் தெளிவாக எழுது. ‘பழைய பொருள்’ என்று எழுதினால் சுங்க அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. தபால்தலைக்கு 9704, நாணயவியல் சேகரிப்புக்கு 9705, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு 9706 என்று உலகம் முழுவதற்கும் பொதுவான சுங்க எண்கள் இருக்கின்றன. எண் சரியாக இருந்தால் வாங்குபவருக்கும் நன்மை: பிரிட்டனில் 135 பவுண்டுக்கு மேற்பட்ட பொட்டலத்துக்கு வழக்கமான இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி 20 விழுக்காடு, தகுதியுள்ள சேகரிப்புப் பொருளுக்கோ 5 விழுக்காடுதான்.

‘அன்பளிப்பு என்று எழுதுங்கள், மதிப்பைப் பத்து டாலர் என்று போடுங்கள்’ என்று கேட்பவர்கள் வருவார்கள், நண்பா. எனக்கும் வந்தார்கள். மறுத்துவிடு, விற்பனை கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை. அது பொய்ச் சாட்சி. அதோடு, பத்து டாலர் என்று எழுதிய பொருள் தொலைந்தால் பத்து டாலருக்குமேல் யாரும் இழப்பீடு தர மாட்டார்கள். காப்பீட்டை எடுக்கும்போதும் நுண் எழுத்தைப் படி. பழம்பொருள்களுக்கு மிகக் குறைந்த வரம்பை வைத்திருக்கும் கூரியர்களும் உண்டு.

நாணயங்களையும் ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டுகளையும் தனியாக எடுத்து வை. உலகத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி நாணயம், நோட்டு, தங்கம், வெள்ளி ஆகியவற்றைக் காப்பீடு இல்லாத கடிதத் தபாலில் வைக்கக்கூடாது. பெரிய கூரியர்கள் பலவும் அவற்றை ஏற்பதில்லை. செல்லாத பழங்காசுதானே என்பது நமக்குத் தெரியும், கவுன்டரில் அது எடுபடுவதில்லை. அப்பாவிடம் இருந்த 1903ஆம் ஆண்டு எட்வர்ட் மன்னர் வெள்ளி டாலர் ஒவ்வொன்றும் 26.95 கிராம்; பத்து சேர்ந்தால் கால் கிலோவுக்கு மேல். அவற்றை வெளிநாட்டுக்கு என்று ஏற்றாமல், முதலில் இங்கேயே உள்ள சேகரிப்பாளர்களிடம் நேரில் காட்டு என்பதே என் யோசனை. மிகப் பழமையான, வரலாற்று மதிப்புள்ள பொருள் ஏதேனும் இருந்தால், 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம். ஐயம் இருந்தால் தேசிய மரபுடைமைத் துறையிடம் கேட்ட பிறகே கட்டு.

தொடக்கத்துக்குத் தபால்தலைகளை மட்டும் ஏற்று. மெழுகு உறை, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, பதிவு அஞ்சல். எடையும் நூறு கிராமுக்குள் நின்றுவிடும். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, பிரிட்டன் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் போடு. மற்ற நாட்டவர் எழுதிக் கேட்டால் அப்போது கணக்கிட்டுச் சொல்.

வரும் மாதம் இரண்டாவது சனிக்கிழமை ரயிலில் கோலாலம்பூர் வருகிறேன். ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் என் சின்னத் தராசையும் அளவு நாடாவையும் கொண்டு வருவேன். அதற்குள் இசைத்தட்டுகள் எத்தனை, அவற்றில் பன்னிரண்டு அங்குலம் எத்தனை, கீறல் விழுந்தவை எவை என்று தங்கையிடம் சொல்லி ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல். அப்பாவின் இடுக்கி இன்னும் இருக்கிறதா? அதை மட்டும் விற்றுவிடாதே, எனக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்